மாமா போன் பண்ணினாரு

வாங்க சாரதா, வாங்க. செருப்பை உள்ளயே விடுங்க, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். இப்படி உக்காருங்க, ஃபேன் காத்து வரும். காப்பி வைக்கறேன். வேண்டாம்னு சொல்லாதீங்க. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, காலையில இருந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க மாடி வீட்டு அம்மா போன்ல சொல்லிட்டாங்க. உங்கப்பா ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. பேரனைக் கண்ணுல காட்டுங்கன்னு கேட்டுட்டே இருக்கறாரு. பையனுக்கு நாளான்னைக்கு பிசிக்ஸ். கூட்டிட்டுப் போறதா, சொல்லாம விடறதான்னு தெரியாம முழிச்சுட்டு இருக்கீங்க. தேவகிகிட்டப் போய்க் கேளு, அவ இதையெல்லாம் தாண்டி வந்தவன்னு அந்தம்மா அனுப்பிச்சிருக்காங்க. அவ்வளவுதானே?

சொல்லாதீங்க. எங்கிட்டக் கேட்டா ஒரே பதில்தான். பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். நான் அப்படித்தான் பண்ணினேன். எம்பொண்ணு இன்னைக்கு மெடிக்கல் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். இந்தத் தெருவுல வேற யாரு வீட்டுல டாக்டருக்குப் படிக்குது, சொல்லுங்க பார்ப்போம்.

இந்தாங்க, காப்பி. சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க.

நாங்க ப்ளஸ் டூ படிச்ச வருஷம் இந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க அப்ப இங்க குடி வரலை. ஜூன் மாசமே கேபிளைப் புடுங்கியாச்சு. டிவி மேல போர்வையைப் போத்தி விட்டேன். காலிங் பெல் ஒயரை இவரு அத்து விட்டுட்டாரு. குக்கர் விசில் சத்தம் கேட்டா எம்பொண்ணு மிருதுளாவுக்குக் கவனம் போயிரும்னு ஒரு வருஷம் பூரா பானையில சோறு வடிச்சேன். சட்னி அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போவேன். அவங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க, நான் கண்டுக்கவே மாட்டேன். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுக்கும் போகலை. எங்க கொழுந்தனார் கல்யாணத்துக்கே இவரு மட்டும் போய் மொய் வச்சுட்டு வந்தாரு. என்னடா இது, இவ ஒருத்திதான் புள்ளை பெத்திருக்காளான்னு எல்லாரும் பேசினாங்க. பேசட்டும். 

நானும் கூடவே படிச்சனுங்க. சும்மா சொல்லலை. தலை பின்னி விடறப்ப புக்கை மடியில வச்சுட்டு ஒரு மார்க் கேள்வி கேப்பேன். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா ஒரு பின்னல். தப்பாச் சொன்னா மறுபடி அவுத்துட்டு முதல்ல இருந்து பின்னுவேன். சோத்தை உருண்டை புடிச்சு வாயில ஊட்டிட்டே கேப்பேன். அவ சாப்பிடற நேரம் வீணாப் போகக்கூடாதில்லைங்களா. நான் பத்தாவதோட நின்னவ. ஆனா இப்பக்கூட என்னைக் கேளுங்க, தவளைக்கு இதயத்துல எத்தனை அறை, இரும்புக்குக் குறியீடு என்ன, எல்லாம் சொல்லுவேன். அவ மறந்திருப்பா, நான் மறக்கலை. 

இதுக்கெல்லாம் ஒரே ஒரு இடைஞ்சல் யாருன்னு நினைக்கறீங்க? எங்கண்ணன்தான்.

குழந்தைவேலுன்னு பேரு. கொல்லம்பாளையத்துல மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருந்தாரு. கிணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா காயில் கட்டித் தர்ற கடை. அவருக்குப் புள்ளைங்க இல்லை. எம்பொண்ணு மேல உசுரு. நடக்கப் பழக்கினது, சைக்கிள் ஓட்டப் பழக்கினது, எல்லாம் அவருதான். திடுதிப்புன்னு வந்து நிப்பாரு. கையில முறுக்குப் பொட்டலம் இருக்கும். பெல்லு இல்லைன்னா என்ன, கேட்டுக்கு வெளிய நின்னு, "ஏ புள்ளை, மூளை சூடாயிருச்சுன்னா சொல்லு, காயில் மாத்தித் தரேன்"னு கத்துவாரு. இவ மாடியில இருந்து சிரிச்சுட்டு இறங்கி ஓடியாருவா. படிப்பு அன்னைக்கு அவ்வளவுதான். நான் ஒரு தடவை சொல்லியே போட்டேன், அண்ணா, பரீட்சை முடியற வரைக்கும் இங்கிட்டு வராதீங்கன்னு. கூடப்பொறந்தவரைப் பார்த்து அப்படிச் சொல்லலாமான்னு நீங்க நினைக்கறீங்க. சொல்லணுங்க. புள்ளைக்காகன்னா சொல்லித்தான் ஆகணும்.

கோவிச்சுக்கலை அவரு. சிரிச்சாரு. "சரி தேவகி, போன் மட்டும் பண்ணிக்கறேன்"னாரு. சின்ன வகுப்புல இருந்து அது ஒரு பழக்கம். பரீட்சை அன்னைக்குக் காலையில போன் பண்ணுவாரு. "பேனா இருக்குதா? தலை இருக்குதா? ரெண்டையும் எடுத்துட்டுப் போ, ஒண்ணை மறந்தாலும் இன்னொண்ணு வேலைக்காகாது"ன்னு சொல்லுவாரு. தினமும் இதே பேச்சு. தினமும் அவ சிரிப்பா. அது கேக்காம வாசப்படி தாண்ட மாட்டா.

இதுல சென்டர் எங்க விழுந்துச்சுன்னு பாருங்க. கொல்லம்பாளையத்துல. அவரு கடைக்கு ரெண்டு தெரு தள்ளி. தமிழ்ப் பரீட்சை அன்னைக்குப் பள்ளிக்கூட கேட்டுல இளநியோட நின்னிருக்காரு. வீட்டுக்குத்தானே வரக்கூடாதுன்னு சொன்னே, ரோட்டுல நிக்கறதுக்கு என்னங்கறாரு. இங்கிலீசு அன்னைக்கும் நின்னாரு. 

அதுக்கு அடுத்த நாளு காலையில கடை ஷட்டரைத் தூக்கினவரு அப்படியே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

அண்ணி போன் பண்ணினாங்க. நான் அடுப்படியில நின்னுட்டு இருக்கேன். மேல மிருதுளா சத்தமாப் படிக்கற சத்தம் கேக்குது. நான் என்ன பண்ணினேன்னு நினைக்கறீங்க? குழாயைத் திறந்து விட்டேன். தண்ணி சத்தத்துல என் சத்தம் வெளிய போகலை. புடவை முந்தானையை வாயில திணிச்சுட்டு ஒரு ரெண்டு நிமிஷம் நின்னேன். அவ்வளவுதான். அப்புறம் மூஞ்சியக் கழுவிட்டு, இவரைக் கூப்பிட்டு, "மிருதுளாவுக்குத் தெரியக்கூடாது"ன்னு சொன்னேன். இவரு என்னையே பார்த்தாரு. "அவ மாமன்டி"ன்னாரு. அதுக்கு என்னங்க? மாமன்தான். போன உசுரு திரும்பியா வரப்போகுது? இன்னும் நாலு பரீட்சை இருக்குது. முக்கியமான நாலும் அதுதான்.

அம்மன் கோயில்ல பொங்கல் வைக்கறாங்க, உம்பேருல அர்ச்சனை பண்ணிட்டு வந்துடறோம்னு அவகிட்டச் சொல்லிட்டுக் கிளம்பினோம். மல்லிப்பூ வச்சுட்டுப் போனேன், பாதி வழியில அவுத்துப் பையில போட்டேன். பட்டுப் புடவையில கிளம்பி, அண்ணி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல போய் நூல் புடவை மாத்தினேன்.

அங்க நான் அழலைங்க. அழுதா கண்ணு வீங்கிரும். எனக்குச் சின்ன வயசுல இருந்தே அப்படி, கொஞ்சம் அழுதாலும் ராத்திரி வரைக்கும் வீக்கம் வத்தாது. வீங்கினா அவ கேப்பா. அதனால எங்கண்ணன் தலைமாட்டுல உக்காந்துட்டு, மேல ஓடு எத்தனை உடைஞ்சிருக்குதுன்னு பார்த்துட்டு இருந்தேன். கூடப்பொறந்தவ கண்ணுல பொட்டுத் தண்ணி இல்லைன்னு எம்பின்னாடியே பேசினாங்க. கேட்டுச்சு. கல்நெஞ்சுக்காரின்னு ஒருத்தி சொன்னா. அவ புள்ளை எட்டாவதுல பெயிலு. அவளுக்கு என்ன தெரியும்?

அண்ணிதான் விடலை. "பாப்பா எங்க தேவகி? பாப்பா வரட்டும், அப்புறம் எடுக்கலாம்"னு சொல்லிட்டே இருந்தாங்க. ஒரு மணி ஆச்சு, ரெண்டு மணி ஆச்சு. வெயில் நேரம். ஆளுக்கு ஆளு என் மூஞ்சியப் பார்க்கறாங்க. நான்தான் எந்திரிச்சுச் சொன்னேன், "அவ வர மாட்டா, எடுங்க"ன்னு. அண்ணி திரும்பிப் படுத்துட்டாங்க.

முடிஞ்சதும் அங்கயே தலைக்கு ஊத்திட்டு, பட்டுப் புடவையைக் கட்டிட்டு, பூவை எடுத்து வச்சுட்டு, வர்ற வழியில கோயில் வாசல்ல நின்னேன். எழவு வீட்டுக்குப் போயிட்டு உள்ள போகக்கூடாதுன்னு வெளிய வித்த குங்குமப் பொட்டலத்தை வாங்கிட்டு வந்தேன். அதைத்தான் அவ நெத்தியில வச்சு விட்டேன். "உங்கண்ணு ஏம்மா செவந்திருக்குது"ன்னு கேட்டா. பொங்கல் புகைன்னு சொன்னேன். அழாமலே செவந்து போச்சு பாருங்க, என்ன பண்றது.

நீங்க ஏன் காப்பியக் குடிக்காம வச்சிருக்கீங்க? ஆறிப் போகுது.

சொல்லாம மறைக்கறதுன்னா வாயை மூடிட்டு இருந்தாப் போதும்னு நினைச்சுக்காதீங்க. அதுல ஆயிரம் வேலை இருக்குது. எங்கண்ணன் கடைப் பசங்க கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிட்டாங்க. கொல்லம்பாளையம் பூரா எங்கண்ணன் மூஞ்சி. டீக்கடை, கரண்டு கம்பம், ரேஷன் கடைச் சுவரு, பள்ளிக்கூட காம்பவுண்டு. கீழ வரிசையா உறவுக்காரங்க பேரு வேற. மனைவி பேரு, தங்கச்சி, மச்சான், அப்புறம் மருமகள் மிருதுளான்னு எம்பொண்ணு பேரையும் போட்டிருக்காங்க. பசங்களுக்கு என்ன தெரியும்? பாசமா போட்டிருக்காங்க.

பிசிக்ஸ் பரீட்சைக்கு முந்தின நாளு விடியக்காலம் நானும் இவரும் ஒரு வாளியில தண்ணி எடுத்துட்டுப் போனோம். சென்டருக்குப் போற வழியில இருந்தது எல்லாத்தையும் கிழிச்சேன். வஜ்ஜிரப் பசை, லேசுல வரலை. தண்ணியை ஊத்தி ஊற விட்டு நகத்தால சுரண்டினேன். இவரு மாட்டேன்னுட்டாரு, வண்டியில உக்காந்துட்டே வேற பக்கம் பார்த்துட்டு இருந்தாரு. பாதி மூஞ்சி வந்துச்சு, பாதி சுவத்துல நின்னுருச்சு. மீசையும் வாயும் மட்டும் இருந்தா யாருன்னு தெரியாதில்லைங்களா, அதை விட்டுட்டேன். டீக்கடைக்காரரு ஓடி வந்தாரு. "ஏம்மா, செத்தவன் உனக்கு என்னம்மா பண்ணினான், போஸ்டரைப் போய்க் கிழிக்கறே"ன்னு சத்தம் போட்டாரு. நான் தங்கச்சின்னு சொல்லலை. சொன்னா இன்னும் கேவலம்.

மறுநாளு காலையில பரீட்சை. அவ கிளம்பி நிக்கறா. ஹால் டிக்கெட் எடுத்தாச்சு, பேனா எடுத்தாச்சு. வாசல்ல நின்னுட்டு, "மாமா போன் பண்ணலையாம்மா?"ன்னா.

எனக்கு அது தெரியும், கேப்பான்னு. தயாரா இருந்தேன். "பண்ணினாரு கண்ணு. நீ குளிச்சுட்டு இருந்தே. பேனா இருக்குதா தலை இருக்குதான்னு கேட்டாரு. தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துல மோட்டார் வேலையாம், நாலஞ்சு நாளு அங்கதான் தங்கறாரு, டவர் கிடைக்காதாம். கேட்டுக்கு வர முடியாதுன்னு சொன்னாரு"ன்னேன். எவ்வளவு சுத்தமா சொன்னேன் தெரியுங்களா. ஒரு எடத்துல திக்கலை. அவ தலையாட்டிட்டுப் போய் வண்டியில உக்காந்தா.

பரீட்சை முடிஞ்சு வந்தா. "எப்படி கண்ணு எழுதினே?" "நல்லா எழுதினேம்மா." தட்டுல போட்டதைச் சாப்பிட்டா. இன்னொரு தோசை வேணுமான்னு கேட்டா, போடுங்கறா. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. 

கெமிஸ்ட்ரி அன்னைக்கு அவ கேக்கலை. நானாத்தான் சொன்னேன், மாமா போன் பண்ணினாரு, நீ பல்லு விளக்கிட்டு இருந்தேன்னு. அவ ஷூ மாட்டிட்டு இருந்தவ நிமிந்து என்னையப் பார்த்தா. "சரிம்மா. மாமாகிட்ட தேங்க்ஸ் சொல்லிரு"ன்னா. கணக்கு அன்னைக்கும் சொன்னேன். "என்ன சொன்னாரு?"ன்னா. அதேதான் கண்ணு, பேனா இருக்குதா தலை இருக்குதான்னேன். "அப்புறம்?"ன்னா. அப்புறம் ஒண்ணும் சொல்லலைன்னேன். "வேற ஏதாச்சும் சொல்லியிருப்பாரு, நல்லா யோசிச்சுச் சொல்லும்மா"ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. பரீட்சைக்குப் போற நேரத்துல மாமா பேச்சு எதுக்கு, கணக்குல ஃபார்முலாவெல்லாம் ஞாபகம் இருக்குதான்னு சத்தம் போட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனா. அன்னைக்கு நூத்துக்கு நூறு வாங்கினா, தெரியுங்களா!

கடைசிப் பரீட்சை பயாலஜி. மத்தியானம் வந்தா. கேட்டைத் திறந்து, ஷூவைக் கழட்டி அந்த மூலையில வச்சா. மத்த புள்ளைங்க பரீட்சை முடிஞ்சா இங்க்கைத் தெளிச்சு விளையாடிட்டு வரும், இவ சட்டையில ஒரு சொட்டு இல்லை. அடுப்படிக்கு வந்தா. நான் அவளுக்குன்னு பிரியாணி பண்ணிட்டு இருக்கேன். கதவுகிட்ட நின்னுட்டு, 

"அம்மா, எல்லாப் பரீட்சையும் முடிஞ்சுது. இப்ப அழலாமா?"ன்னு கேட்டா.

எனக்கு விளங்கலை. எதுக்குக் கண்ணு அழுகணும்னேன். 

"மாமா செத்துட்டாரில்ல, அதுக்கு"ன்னா.

பிசிக்ஸ் அன்னைக்கே பார்த்திருக்கா. நான் சுவரெல்லாம் சுரண்டினேன், வண்டியில ஒட்டுவாங்கன்னு யாரு கண்டா? எங்கண்ணனுக்கு வாடிக்கையா மோட்டார் ஏத்திட்டுப் போற டெம்போக்காரன் பின்னாடிக் கதவுல பெருசா ஒட்டியிருக்கான். சிக்னல்ல இவரு வண்டிக்கு முன்னாடியே அந்த டெம்போ நின்னிருக்குது. சிவப்பு விழுந்து பச்சை விழற வரைக்கும் அப்பனும் மகளும் அதையே பார்த்துட்டு இருந்திருக்காங்க. "என் பேரும் இருந்துச்சும்மா"ன்னா. இவரும் வாயைத் திறக்கலை, அவளும் திறக்கலை. பச்சை விழுந்ததும் போய் சென்டர்ல இறக்கி விட்டிருக்காரு. இவரு எங்கிட்டயும் சொல்லலை, பாருங்க. நான் பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் மாமா போன் பண்ணினாரு, மாமா போன் பண்ணினாருன்னு சொல்லிட்டு இருக்கேன், அந்த ரெண்டும் கேட்டுட்டு நிக்குதுங்க. என்னைய எவ்வளவு கோமாளி ஆக்கிட்டாங்க! எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

நான் என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? என்ன சொல்றது. நிலைமையை யோசிச்சுப் பாருங்க. நீட்டுக்கு ஒரு மாசம் கூட இல்லை. அடுத்த நாளுல இருந்து கோச்சிங். இப்ப உக்காந்து அழ ஆரம்பிச்சா எப்ப நிறுத்தறது? அது ஒரு நாள்ல அடங்கற அழுகையா? அவ மாமன் மேல எவ்வளவு உசுருன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் சொன்னேன். கன்னத்தைப் புடிச்சு, நல்லவிதமாத்தான் சொன்னேன். "நீட் இருக்குதே கண்ணு. அது முடியட்டும்"னேன். 

"சரிம்மா"ன்னுட்டுப் போய்க் கை கழுவிட்டு வந்து சாப்பிட உக்காந்தா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. தங்கமான புள்ளை.

நீட் எழுதினா. சீட்டும் கிடைச்சுது. ரிசல்ட்டு வந்த அன்னைக்கு இந்த வீட்டுல நிக்க எடமில்லை. ஸ்வீட் குடுத்தே கை வலிச்சுது. அவ எல்லாருக்கும் சிரிச்சுட்டே நின்னா. கல்நெஞ்சுக்காரின்னு சொன்னாளே, அவளும் வந்து, என்ன புக்கு வாங்கினீங்க அக்கான்னு கேட்டுட்டுப் போனா. அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுங்களா. எங்கண்ணன் இருந்தா பட்டாசு வெடிச்சிருப்பாரு. அதை நினைச்சு நானும் அழலாம்னு பார்த்தேன். வீடு நிறைய ஆளு. அப்புறம் கவுன்சிலிங்கு, ஹாஸ்டலு, பெட்டி படுக்கை வாங்கறதுன்னு அலைச்சல். எனக்கும் இன்னும் நேரம் அமையலைங்க.

சரி, முடிஞ்சுது, இனி என்னன்னு கேக்கறீங்களா? அதைத்தான் உங்ககிட்டச் சொல்லணும். இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு நன்றியே கிடையாது. 

போன் பண்ணுவா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பண்ணுவா. நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. படிக்கறேம்மா. இந்த மூணுதான். உடம்பு சரியில்லாம கிடந்தப்பக்கூட நல்லா இருக்கேம்மான்னுதான் சொன்னா. கூடத் தங்கியிருக்கற புள்ளை சொல்லித்தான் எனக்கு டெங்குன்னே தெரியும், அதுவும் எல்லாம் சரியாகி அவ காலேஜுக்குப் போக ஆரம்பிச்ச பொறகு. ஏன்டி சொல்லலைன்னு கேட்டேன். நீ கஷ்டப்படுவேன்னுதான்மாங்கறா. எப்படிப் பேசறா பாருங்க. பெத்தவகிட்ட மறைக்கலாமா? எங்கிருந்து பழகினான்னே தெரியலை.

அது கூடப் பொறுத்துக்கலாம். லீவு விட்டா இங்க வர்றதில்லை. இந்த ஊருக்கு வர்றா சாரதா! இதே ஊருக்கு பஸ் ஏறி வந்து, கொல்லம்பாளையத்துல அவ அத்தை வீட்டுல இறங்கிக்கறா. ரெண்டு நாளு அங்க. திரும்பிப் போறப்ப ஒரு மணி நேரம் இங்க வந்து, மரியாதைக்கு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போறா. விருந்தாளி மாதிரி சோபா நுனியில உக்காருவா. நான் தலை பின்னி விடட்டுமான்னு கேட்டேன் ஒரு தடவை. பாப் வெட்டிட்டேம்மா, பின்ன முடியாதுன்னு சொன்னா. இடுப்பு வரைக்கும் இருந்த முடிங்க.

போன தடவை பொறுக்க முடியாம அண்ணி வீட்டுக்கே போயிட்டேன். கேட்டே புடலாம்னுதான் போனேன், அப்படி என்ன மருந்து வச்சிருக்கீங்கன்னு. ஜன்னல் திறந்திருந்துச்சு. உள்ள பாயில அண்ணி உக்காந்திருக்காங்க. அவங்க மடியில தலை வச்சு இவ படுத்திருக்கா. எங்கண்ணன் சட்டை ஒண்ணு அவ கையில இருக்குது. ஏங்கி ஏங்கி அழறா. சின்ன வயசுல கீழ விழுந்து முழங்கால் தேஞ்சா ஒரு அழுகை அழுவா, மூச்சு நின்னு போயி அப்புறம் சத்தம் வரும், அதே அழுகை. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு. அண்ணி அவ முதுகைத் தடவிட்டே இருக்கறாங்க. நான் கதவைத் தட்டலை. செத்த நேரம் நின்னுட்டு வந்துட்டேன். 

அப்புறம் அண்ணிகிட்டப் போன்ல கேட்டேன். "வர்றப்பல்லாம் அப்படித்தான் தேவகி. வந்ததும் அழுவா. அழுது முடிச்சாத்தான் சாப்பிடுவா"ன்னாங்க. 

என்ன அநியாயம் பாருங்க! பெத்தவ நான் இங்க இருக்கேன். செத்தது எங்கூடப்பொறந்தவரு. அழுகறதுன்னா எங்கிட்டல்ல வந்து அழுகணும்? நானும் அவளும் சேந்தில்ல அழுகணும்? அவளுக்காக நான் என்ன எல்லாம் விட்டேன். எங்கண்ணன் மூஞ்சியைக் கூட நல்லாப் பார்க்கலை அன்னைக்கு, ஓட்டைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அந்த அண்ணி என்ன பண்ணினாங்க அவளுக்கு? ஒரு நாளாச்சும் ஒரு மார்க் கேள்வி கேட்டிருப்பாங்களா? ஒரு வாய் சோறு ஊட்டியிருப்பாங்களா? உழைச்சது நானு. அழுகையைக் கொண்டு போய் அங்க கொட்டறா.

போகட்டும் விடுங்க. டாக்டர் ஆயிட்டான்னா எல்லாம் சரியாயிரும். 

அதனால உங்களுக்கு நான் சொல்றது என்னன்னா, பையன்கிட்ட மூச்சு விடாதீங்க. தாத்தாவுக்கு சாதாரணக் காய்ச்சல்னு சொல்லுங்க. ஒருவேளை ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, முதல்ல போஸ்டர் அடிக்க வேண்டாம்னு சொல்லிருங்க, அப்படி அடிச்சாலும் பேரன் பேரு போடக்கூடாது. வண்டி எதுலயும் ஒட்டக்கூடாது. உங்க வீட்டுக்காரரு எப்படி? இவரு மாதிரி ஊமைன்னா அவரை நம்பாதீங்க. பையனை நீங்களே சென்டருக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் அதுலதான் கோட்டை விட்டேன்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? காப்பியும் அப்படியே இருக்குது. 

எங்க போறீங்க? ஆஸ்பத்திரிக்கா? பையனைக் கூட்டிட்டா?

சாரதா, நான் இவ்வளவு நேரம் யாருகிட்டச் சொல்லிட்டு இருந்தேன்? நாளான்னைக்குப் பிசிக்ஸ். இப்பக் கூட்டிட்டுப் போனா இன்னைக்குப் படிப்பு போச்சு, நாளைக்கும் போச்சு. அவன் தாத்தாவைப் பார்ப்பான், மூக்குல குழாய், கையில ஊசி, அதெல்லாம் பார்ப்பான். கேள்வித்தாளை விரிச்சா அதுதான் தெரியும். மார்க்கு போச்சுன்னா திரும்பி வராதுங்க. அப்புறம் எங்கிட்ட வந்து தேவகியக்கா அன்னைக்கே சொன்னாங்கன்னு சொல்லக்கூடாது.

தாத்தாவும் திரும்பி வர மாட்டாருங்கறீங்களா? 

சரி. உங்க புள்ளை, உங்க இஷ்டம். போங்க. செருப்பு அங்க இருக்குது பாருங்க.

நில்லுங்க, ஒரு நிமிஷம். நானும் வரட்டுங்களா? ஆட்டோவுல எடம் இருக்குமில்லை. வழியில அவனுக்கு ஒரு மார்க் கேள்வி கேட்டுட்டே வரேன், நேரம் வீணாகாது. வேண்டாமா? சரி, கேக்கலை. வாயே திறக்கலை. ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். நீங்க அவன்கிட்டச் சொல்றப்ப நான் வெளியில பார்த்துட்டு இருக்கேன். 

ஒண்ணுமில்லைங்க. சொன்னதும் அவன் அழுவானில்லை, உங்க மேல சாஞ்சுக்குவானில்லை. ப்ளஸ் டூ படிக்கற புள்ளை அம்மா மேல சாஞ்சு அழறதை நான் பார்த்ததே இல்லை.